பூண்டுத் தண்ணி

பெடாஸ்,
3 ஜூன் 2024

விக்டோரியா அந்தோனி அவர்களுக்கு,

நான் கணேசமூர்த்தி. சுங்கை காடுட் பசைத் தொழிற்சாலையில் கலவைப் பிரிவில் வேலை பார்த்தவன். மறந்திருந்தால் தனலெட்சுமியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நம்மோடு பேக்கிங்கில் இருந்தவர், உங்கள் முகவரியைத் தந்தவரும் அவர்தான். இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. முப்பத்து நான்கு வருஷமாகத் தீராத ஒரு விஷயத்தைத் தீர்ப்பதற்கு எழுதுகிறேன்.

போன மாதம் ரெம்பாவில் தனலெட்சுமியின் பேத்திக்குக் கல்யாணம். மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது அலங்கார அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண், தோழிப் பெண்ணின் விரல்களை ஒரு சின்னப் பெட்டிக்குள் விடச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் ஊதா கலந்த நீல வெளிச்சம்.

"என்னம்மா அது?" என்றேன்.

"நெயில் லேம்ப் அங்கிள். ஜெல் காயுறதுக்கு."

"சூடு வச்சுக் காய வைக்கிறியா?"

"சூடெல்லாம் இல்லலா, லைட்டுதான். தண்ணியாட்டம் பூசுவோம், ஒரு நிமிஷத்துல கல்லு மாதிரி ஆயிரும். அங்கிளுக்கும் ஒரு விரலுக்குப் போடவா?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நான் சுண்டுவிரலை நீட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் கடைசியில் பூசித்தான் விட்டாள். இதை எழுதும்போதும் என் இடது கைச் சுண்டுவிரல் நகம் பளபளவென்று இருக்கிறது. கடைத்தெருவில் என்னைப் பார்த்து என்ன நினைக்கிறார்களோ, எனக்குக் கவலை இல்லை. அந்த நிறம் எனக்குத் தெரியும். குளிர் அறையில், மேல் தட்டில், உங்கள் மாதா சுரூபத்துக்குப் பின்னால் எரிந்த நிறம் அது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 1990 ஆகஸ்டு 30, வியாழக்கிழமை. லேபிள் பசைக்கான கலவையை நான் தயாரித்துப் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றினேன். தண்ணீர் போன்ற கலவை. அதைக் குளிர் அறையில் வைத்துப் பூட்டினோம். மறுநாள் மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. திங்கட்கிழமை திறந்தால், ஜாடிகளின் மூடிகள் உப்பியிருந்தன, உள்ளே சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று. சூடு பட்டால்தான் கலவை மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அறையோ பல் நடுங்கும் குளிர். ஆகவே அதிகாரி என்னைப் பிடித்தார். "மெர்காப்டன் மருந்தை நீதான் அதிகமாக ஊற்றிவிட்டாய், கலவையை வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு உள்ளே வைத்திருக்கிறாய்" என்றார். நான் சரியாக அளந்தேன் என்றேன். பக்கத்தில் நின்றது நீங்கள் ஒருவர்தான். உங்களைக் கேட்டார். "நான் பாக்கல சார்" என்றீர்கள்.

மூன்று வார்த்தை. அதோடு என்னை டிரம் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். அன்றே வெளியேறினேன்.

இப்போது எனக்குத் தெரியும். கலவையில் இருந்த வெள்ளைத் தூள் சூட்டில் மட்டும் உடைவதில்லை, கண்ணுக்கு விளிம்பில் தெரியும் அந்த நீல வெளிச்சத்திலும் உடையும். உடையும்போது நைட்ரஜன் வாயு வரும். மூடிகள் உப்பியது அதனால்தான். இதைச் செரம்பான் நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டும். ஒன்று, ஜாடிகளின் பட்டியல் எழுதியது நீங்கள். பன்னிரண்டும் ஒரே மாதிரி கெட்டதா? இரண்டாவது, ஒரு வரி. "கணேசமூர்த்தி சரியாக அளந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணேசமூர்த்தி


சுவா,
15 ஜூன் 2024

அன்புள்ள மூர்த்திக்கு,

மறந்திருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "வி"க்கு மேல் வளைவை இன்னும் குடை மாதிரிதான் போடுகிறீர்கள்.

தங்கை மகள் ஃபெலிசியாவோடு இருக்கிறேன். உறையைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தவள் அவள்தான். "பெரியம்மா, இந்தக் காலத்துல யாருலா லெட்டர் போடுறா? கோர்ட்டுலேர்ந்தா?" என்றாள். படித்துப் பார்த்தேன். கோர்ட்டிலிருந்து வந்த மாதிரிதான் இருந்தது.

தனலெட்சுமியிடம் என் போன் நம்பரும் இருக்கிறது. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பன்னிரண்டும் கெடவில்லை. ஒன்பதுதான் கெட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்றும் லேபிள் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருந்தன. அவை கடைசி வரைக்கும் தண்ணீராகவே இருந்தன. பட்டியலில் எழுதியிருந்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. அதிகாரி முன்வரிசை ஜாடியை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்.

விளக்கு என்னுடையதுதான். செரம்பானில் மின்சாமான் கடையில் வாங்கினேன். கடைக்காரர், டிஸ்கோவில் போடுகிற விளக்கு, வேண்டாம் தங்கச்சி என்றார். எனக்கு அந்த நீலம் பிடித்தது. மாதாவின் மேலாடை நிறம். தொழிற்சாலைக்குள் மெழுகுவர்த்தி கொளுத்த முடியாதே, அந்த மருந்து நெடிக்கு எல்லாம் பற்றிக்கொள்ளும்.

நீங்கள் கேட்ட வரிக்குப் பதிலாக வேறு வரி எழுதித் தருகிறேன்: "விளக்கை வைத்தவள் நான். கலவை கெட்டது என்னால்." இதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

ஃபெலிசியாவின் கணவர் ரியானுக்கு மிரியில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டு கடைசியில் எல்லோரும் சரவாக் போகிறோம். நானும்தான். இந்த வயதில் கடல் தாண்டிப் போகிறேன். வேறு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் அதற்குள் கேளுங்கள்.

விக்டோரியா


பெடாஸ்,
22 ஜூன் 2024

விக்டோரியா,

ஒன்பது கெட்டது, மூன்று கெடவில்லை! அட்டைப்பெட்டி மறைத்த மூன்று! இதைப் படித்ததும் பக்கத்து வீட்டு வசந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், என்ன சொல்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் கை கொடுத்தான். சூடு என்றால் பன்னிரண்டும் கெட்டிருக்க வேண்டும். அட்டைக்குப் பின்னால் சூடு போகும், வெளிச்சம் போகாது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி. பட்டம் படித்த அதிகாரி கேட்கவில்லை.

ஆனால் நீ எழுதிய வரி தப்பு. அதைத் திருப்பி அனுப்புகிறேன். விளக்கு வைத்தது குற்றம் என்று நான் எங்கே சொன்னேன்? யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு யார் குற்றவாளி? எனக்கு வேண்டியது நான் சரியாக அளந்தேன் என்பது. அதை மட்டும் ஏன் எழுத மாட்டேன் என்கிறாய்?

உள்ளே என்ன நடந்தது என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். கலவையில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. வெள்ளைத் தூளின் மேல் அந்த வெளிச்சம் பட்டதும் அது இரண்டாகப் பிளக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு எலக்ட்ரான் ஜோடி இல்லாமல் நிற்கும். அதற்குப் பெயர் ரேடிக்கல், தமிழ்ப் புத்தகத்தில் தனி உறுப்பு என்று போட்டிருக்கிறார்கள். அதனால் சும்மா இருக்க முடியாது. பக்கத்தில் கிடக்கும் மூலக்கூறைப் பிடிக்கும். பிடித்ததும் இது அடங்கிவிடும், ஆனால் அந்தத் தனிமை பிடிபட்டதன் மறுமுனைக்குப் போய்விடும். அது அடுத்ததைப் பிடிக்கும். இப்படியே ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி நீளும். அதுதான் பாலிமர். சும்மா விட்டால் ஆயிரம் கண்ணிக்கு மேல் போகும். அப்போது கலவை கட்டியாகிவிடும்.

கட்டியாகாமல் இருக்கத்தான் மெர்காப்டன். நாம் பூண்டுத் தண்ணி என்போமே, அது. நீளும் சங்கிலியின் முனைக்கு அது தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துவிடும். சங்கிலி அங்கேயே நின்றுவிடும். கொடுத்த பூண்டுத் தண்ணி இப்போது தனியாகிவிடும், அது போய் வேறொரு சங்கிலியைத் தொடங்கும். ஆகவே வேலை நிற்காது, சங்கிலிகள் மட்டும் குட்டை குட்டையாக இருக்கும். குட்டைச் சங்கிலி என்றால் எண்ணெய் மாதிரி ஓடும்.

அந்த நெடி என் சட்டையிலும் தலைமுடியிலும் ஊறிப்போயிருந்தது. ஐந்தரை மணி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். நீ மட்டும் வந்து உட்காருவாய். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிட்டால் கடிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

அந்த விளக்கை ஏன் விடுமுறையிலும் அணைக்காமல் போனாய்? அறையைப் பூட்டும்போது எல்லாச் சுவிட்சையும் அணைப்பது உன் வழக்கம்.

மிரி எவ்வளவு தூரம் என்று வசந்தனிடம் கேட்டேன். பிளேனில் இரண்டேகால் மணி நேரமாம்.

கணேசமூர்த்தி


சுவா,
2 ஜூலை 2024

மூர்த்திக்கு,

நவநாள் என்பதால் அணைக்கவில்லை. மாதா பிறந்த திருநாளுக்கு முன் ஒன்பது நாள் செபம் சொல்லி, விளக்கு அணையாமல் வைப்பதாக நேர்ந்திருந்தேன். வீட்டில் வைத்தால் அப்பா எதற்கு என்று கேட்பார். ஆகவே என் பொறுப்பில் இருந்த குளிர் அறையில் வைத்தேன். ஆகஸ்டு முப்பதாம் தேதிதான் ஏற்றினேன். ஐந்தாம் நாளே எல்லாம் முடிந்துவிட்டது.

எதற்காக நேர்ந்தேன் என்று கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். உங்கள் அம்மா தாயம்மா மனது மாற வேண்டும் என்று. அவர்கள் என்னை ஒரு தடவைதான் பார்த்தார்கள், பெடாஸ் பஸ் நிறுத்தத்தில். "இந்த வேதக்காரப் பொண்ணா? நெத்தியில ஒண்ணுமில்லாம நிக்கிறாளே" என்று என் காதில் விழும்படி சொன்னார்கள். அடுத்த தடவை பொட்டு வைத்துக்கொண்டு வரலாமா என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "நீ பொட்டு வச்சா உங்கப்பா என்னைய அடிக்க வருவாரு" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு ஐந்தரை மணி பஸ்ஸில்தான் தினமும் வீட்டுக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்வேன், யாராவது உட்கார வந்தால் எடுப்பதற்கு மனமில்லாமல் எடுப்பேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படி. அப்புறம் வேலையை விட்டுவிட்டேன்.

உங்கள் அம்மா தவறிய செய்தி தனலெட்சுமி மூலம்தான் தெரிந்தது. வர நினைத்தேன். எந்த முறையில் வந்து நிற்பது?

அந்த வரியை விட்டுவிடுங்களேன் மூர்த்தி. நாற்பது வயதில் கேட்டிருந்தால் வேறு. இப்போது யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

விக்டோரியா


பெடாஸ்,
14 ஜூலை 2024

விக்டோரியா,

யாருக்கும் காட்டப் போவதில்லை. தொழிற்சாலையே இப்போது இல்லை, அங்கே டயர்க் கிடங்கு வந்துவிட்டது. எனக்காகத்தான் கேட்டேன். அங்கிருந்து வந்த பிறகு முப்பது வருஷம் செம்பனை ஆலையில் லாரிகளுக்கு எடை போட்டேன். பழக்குலை லாரி ஒன்றுகூடத் திரும்ப எடைக்கு வந்ததில்லை. மண்டோர் முதல் மானேஜர் வரை, மூர்த்தி போட்டால் சரி என்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறை முள் நிற்கும்போதும் எனக்கு அந்தப் பன்னிரண்டு ஜாடி ஞாபகம் வரும். உன் மூன்று வார்த்தை ஞாபகம் வரும்.

நவநாள் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்தேன். ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒன்று பொருந்தவில்லை. வேறு யாரிடமாவது என்றால் மறைத்திருப்பேன். எனக்கு அன்று கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதில் பரிசோதனை எண் இருக்கிறது. அடியில் ஓட்டை போட்ட கிண்ணத்தில் ஊற்றினால் முழுவதும் வடிய எத்தனை வினாடி என்று பார்ப்பார்களே, அது. பதினொரு வினாடி என்று எழுதியிருக்கிறார்கள். நம் சூத்திரப்படி பூண்டுத் தண்ணி சேர்த்திருந்தால் முப்பதுக்குக் குறையவே கூடாது.

வெளிச்சத்தின் தலையில் போடப் பார்த்தேன். போக மறுக்கிறது. நிறைய வெளிச்சம் கொட்டினால் நிறையச் சங்கிலிகள் ஒரே சமயத்தில் கிளம்பும், ஒன்றோடு ஒன்று முட்டிச் சீக்கிரம் முடியும், குட்டையாகும். சரி. ஆனால் உன் விளக்கு சின்னக் குழல். ஜாடிக் கண்ணாடி வேறு தடுக்கும். கொஞ்ச வெளிச்சம் என்றால் கொஞ்சச் சங்கிலிதான் கிளம்பும், ஒவ்வொன்றும் முட்டுவதற்கு ஆளில்லாமல் நீளும். ஆக, வெளிச்சம் தொடங்கியது உண்மை. அவ்வளவு குட்டையாக வெட்டியது வெளிச்சம் இல்லை. அந்த ஜாடிகளில் பூண்டுத் தண்ணி ஏறக்குறைய இரண்டு பங்கு இருந்திருக்க வேண்டும்.

நான் ஒரு பங்குதான் ஊற்றினேன். ஆகவே மிச்சம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஜாடிகளைக் கழுவி வைத்தது நீ. பழைய மெர்காப்டன் ஜாடிகளைச் சரியாக அலசாமல் எடுத்து வைத்தாயா? நன்றாக யோசித்துச் சொல். கோபப்படாதே. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கணேசமூர்த்தி


சுவா,
21 ஜூலை 2024

மூர்த்தி,

கோபப்படாதே என்று எழுதிவிட்டுக் கோபப்படுகிற மாதிரி கேட்பது உங்களுக்கு மட்டும்தான் வரும்.

ஜாடிகள் புதியவை. கடையிலிருந்து வந்த வைக்கோல்கூட ஒட்டியிருந்தது. மூன்று தண்ணீரில் அலசினேன். கடைசித் தண்ணீரை மோந்து பார்த்தேன், எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

இதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். விளக்கின் பேரில் போகட்டும் என்றுதான் முதல் கடிதத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் விடவில்லை. சொல்கிறேன்.

அன்று மத்தியானம் நீங்கள் பூண்டுத் தண்ணியை அளந்து டிரம்மில் ஊற்றினீர்கள். நான் எதிரில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி முனியாண்டி கதவில் தலையை நீட்டி, "மூர்த்தி, எஸ்டேட் ஆபீஸ்லேர்ந்து உங்கம்மா போன்லா. சீக்கிரம் வா, லைன் கட்டாயிரும்" என்றார். போனீர்கள். கால் மணி நேரம் கழித்து வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததுமே அம்மா என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேராகத் தராசுக்குப் போனீர்கள். மறுபடியும் அளந்தீர்கள். முள் நிற்கும் வரை காத்திருந்தீர்கள். ஊற்றினீர்கள்.

முதலில், சூத்திரத்தை மாற்றியிருக்கிறார்களோ என்று நினைத்தேன். அப்புறம் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேட்க நினைத்தது வேறு, "அம்மா என்ன சொன்னாங்க?" என்று. அதைக் கேட்கவே பயமாக இருந்தது, அதனால் இரண்டையும் கேட்கவில்லை. நீங்களும் என்னைப் பார்க்காமலேயே போய்விட்டீர்கள்.

திங்கட்கிழமை அதிகாரி என்னைக் கேட்டார். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, எத்தனை தடவை ஊற்றினான் என்பது. பொய் சொல்ல எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும், என் காது சிவந்துவிடும். பார்க்கவில்லை என்றால் கேள்வி அதோடு நின்றுவிடும். சாட்சி இல்லை என்று உங்களை வேலையிலிருந்து நீக்காமல் விடுவார்கள். அப்படித்தான் விட்டார்கள். நீங்கள்தான் இருக்கவில்லை.

உங்கள் வரியை நான் எழுத மறுக்கவில்லை. அது உண்மைதான். நீங்கள் தப்பாக அளக்கவில்லை. சரியாகத்தான் அளந்தீர்கள், இரண்டு தடவை.

விக்டோரியா


சுவா,
25 ஆகஸ்டு 2024

மூர்த்திக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தனலெட்சுமிக்குப் போன் செய்தேன். "இருக்காருலா, நல்லாத்தான் இருக்காரு. பசார்ல பாத்தேன், வெண்டிக்காய ஒவ்வொண்ணா ஒடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கடைக்காரன் திட்டுறான்" என்றாள். சரி, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தினமும் நினைக்கிறேன். சொல்லிவிட்டது நல்லது என்றும் தினமும் நினைக்கிறேன். அந்த முப்பது வருஷ லாரிகளை நான் குறைத்துச் சொல்லிவிட்டதாக நினைக்காதீர்கள்.

முப்பத்தோராம் தேதி காலை விமானம். சாமான்கள் முந்தின நாள் லாரியில் போகின்றன. மிரி முகவரி கீழே எழுதியிருக்கிறேன். கடல் ஓரமாம். இங்கே பக்கத்தில் போர்ட்டிக்சன் கடல் இருந்தும் நாம் ஒரு தடவைகூட ஒன்றாகப் போனதில்லை, நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை போகலாம் போகலாம் என்று நான் சொல்ல, ஞாயிறு கூட்டம் என்று நீங்கள் சொல்ல, அப்படியே போய்விட்டது.

விக்டோரியா


பெடாஸ்,
9 அக்டோபர் 2024

விக்டோரியா,

ஆகஸ்டு முப்பதாம் தேதி சுவாவுக்கு வந்தேன். உன் தெரு முனையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறதே, அங்கே நின்றேன். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பெட்டி மேலே, எந்தப் பெட்டி கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தாய். தலை முழுக்க வெள்ளை. எனக்கு உன் கறுப்பு முடிதான் தெரியும். ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். கடைக்காரம்மா, "யாரைப் பாக்கணும் அண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வந்து பேசியிருக்கலாம். முப்பத்து நான்கு வருஷமாக உன்னிடம் பேச வேண்டியதை மனதில் எழுதி எழுதி வைத்திருந்தேன். எல்லாம் நான் சரி, நீ தப்பு என்ற முறையில் எழுதியது. உன் கடிதத்துக்குப் பிறகு அதில் ஒரு வாக்கியமும் உபயோகப்படவில்லை.

நீ எழுதியது எண்ணுக்குப் பொருந்துகிறது. இரண்டு பங்கு என்றால் பதினொரு வினாடி வரும். கணக்கைப் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். போன் வந்தது நினைவிருக்கிறது. அம்மா சொன்னதும் நினைவிருக்கிறது: "அவ இந்த வீட்டு வாசல்ல கால வச்சா நான் அன்னைக்கே என் அக்கா வீட்டுக்குப் போயிருவேன், அப்புறம் என் முகத்துல முழிக்காத." அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது, அதை உன்னிடம் நேரில்தான் சொல்ல முடியும். திரும்பி வந்து அளந்தது மட்டும் நினைவில்லை. எவ்வளவு தேடினாலும் அந்த இடம் காலியாக இருக்கிறது. ஆகவே உன் கண்ணை நம்புகிறேன். இதற்கு மேல் என்னிடமிருந்து எதிர்பார்க்காதே.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இது வேறு கோபம். நான் வெளியேறிய மறுநாளே நீ பெடாஸுக்கு வந்து, "மூர்த்தி, நீங்கதான் ரெண்டு தடவ ஊத்துனீங்க" என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன். ஒரு மாதம்கூடப் போட்டிருப்பேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். அப்புறம் என்னவாகியிருக்கும்? நீ என் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று என்னை விட்டுவிட்டாய். நான் என் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை விட்டுவிட்டேன். இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று தீர்க்க வேண்டும். கடிதத்தில் தீராது. நான் ஒன்று எழுதி, அது கடல் தாண்டிப் போய், நீ ஒன்று எழுதி அது திரும்பி வருவதற்குள் நமக்கு எழுபது ஆகிவிடும்.

வசந்தன் அவனுடைய போனில் டிக்கெட் போட்டுவிட்டான். நவம்பர் பதினான்கு, மத்தியானம் மிரியில் இறங்குகிறேன். பிளேனில் ஏறுவது முதல் தடவை. ஜன்னல் பக்கம் வேண்டாம் என்றேன், அவன் ஜன்னல் பக்கமே போட்டிருக்கிறான். வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். ஃபெலிசியா வீட்டில் எனக்கு இடம் வேண்டாம், பக்கத்தில் வாடகை அறை இருந்தால் ரியானைப் பார்த்து வைக்கச் சொல்.

ஒரு விஷயம். நம் நாடுதான் என்றாலும் தீபகற்பத்து ஆளைச் சரவாக்கில் மூன்று மாதம்தான் இருக்க விடுவார்களாம். ஐ.சி. அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், எங்கே தங்குகிறாய், யாரிடம் வருகிறாய் என்று கேட்டாலும் கேட்பார்கள் என்கிறான் வசந்தன். உன் பெயரையும் முகவரியையும் சொல்லிவிடுவேன். அவர் உனக்கு என்ன உறவு என்று அடுத்த கேள்வி வந்தால் என்ன சொல்வது? கூட வேலை பார்த்தவர் என்றால் அதற்கா இந்த வயதில் மூன்று மாதம் என்பார்கள். வேறு ஒன்று சொல்லலாம், ஆனால் அதை நானாக முடிவு செய்யக் கூடாது.

நீ சொல்வதையே கவுண்டரில் சொல்கிறேன். எனக்கு எழுதி அனுப்பு. நவம்பர் பதினான்குக்கு முன் வந்து சேர வேண்டும்.

கணேசமூர்த்தி